அஞ்ஞானிகள் விழாவில் வேப்பம்பூ பறித்தேன்

2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கம். மெல்பேர்னில் வசந்த காலம். நாங்கள் வெரிபீயில் புதிதாகக் கட்டிய வீடு ஒன்றுக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் தெருவில் மரமென்று சொல்ல ஒன்றும் கிடையாது. கவுன்சில் நட்ட கன்றுகளைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் கம்புகள்தான் உயரமாக இருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தெருவில் ஒரு மரம் இருந்திருந்தால் நான் மரம் தேடி அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

என் மனைவி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தைய வருடம் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை இரண்டு பேருமே பயந்துபோய்த்தான் இருந்தோம். போதாக்குறைக்கு வாந்தி. சோறு மணந்தால் வாந்தி, தேத்தண்ணீர் மணந்தால் வாந்தி, நான் வேலை முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலும் வாந்தி. நான் பேக்கரி ஒன்றின் டெலிவரி வான் ஓட்டுகிறவன். என்மேல் எப்போதும் பாண் மணக்கும். "அங்கால தள்ளி நில்லுங்கோப்பா" என்று கையைக் காட்டுவாள். குசினிப் பக்கமே அவள் போவதில்லை. மூன்று கிழமை இப்படியே போயிற்று.

ஒருநாள் பின்னேரம் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவள், "எனக்கு வேப்பம்பூ வடகம் வேணும்" என்றாள்.

அவள் யாழ்ப்பாணத்துக் கரையோரப் பெண். நான் மன்னார். இரண்டு பேரும் கத்தோலிக்கர்கள். வேப்பம்பூவை உளுந்து, செத்தல் மிளகாய், வெங்காயம் எல்லாம் சேர்த்துத் தட்டி, வெயிலில் காயவைத்துப் பொரிப்பதில் அவர்கள் ஊர் எங்கள் ஊரைவிட ஒருபடி மேல் என்பதை வேறு வழியில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் வாய் திறந்து கேட்ட ஒரே சாப்பாடு அதுதான். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காது வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் அதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அன்றைக்கே கடைகடையாக ஏறி இறங்கினேன்.

தமிழ்க் கடைகள் ஒன்றிலும் வடகம் இல்லை. அடுத்த கப்பலுக்குப் பாருங்கள் என்றார்கள். மாமி ஊரிலிருந்து பார்சல் அனுப்பினார். பார்சல் வந்தது, உள்ளே வடகம் இல்லை. பூவும் விதையும் நாட்டுக்குள் வர முடியாது, அழித்துவிட்டோம் என்று குவாரன்டைன்காரரின் கடிதம்தான் இருந்தது. மனைவி அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதாள். ஒரு வடகத்துக்காக யாரும் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்தக் கிழமைதான் நான் பாண் கொண்டுபோகும் வழியில், நகரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெரிய பூங்காவில் அந்த மரத்தைக் கண்டேன். வேம்பு! அதே மாதிரிச் சின்னச் சின்ன இலை, கொத்துக் கொத்தாகப் பூ. வானை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூ மட்டும் வெள்ளையாக இல்லாமல் இளம் ஊதாவாக இருந்தது. ஆஸ்திரேலிய மண்ணுக்கு நிறம் மாறியிருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். இங்கே வந்து நாங்கள் எத்தனை விதமாக மாறிவிட்டோம், ஒரு பூ மாறக்கூடாதா என்றும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன்.

சனிக்கிழமை காலையில் புறப்பட்டேன். உயரத்தில் இருப்பதை இழுத்துப் பறிக்கக் கொக்கைத்தடி வேண்டுமே. திரைச்சீலை மாட்டும் நீளக் கம்பு ஒன்றின் நுனியில் உடுப்புக் கொழுவும் கம்பியை வளைத்துக் கட்டினேன். பூவைப் போட ஒரு தலையணை உறை. மனைவியிடம் ஒரு வேலையாகப் போய் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தால் பூங்கா நிறையச் சனம். கூடாரங்கள், மேளச் சத்தம், ஒரு நெடிய கம்பத்தில் கட்டிய வண்ண ரிபன்களைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுகிற ஆண்களும் பெண்களும். தலையில் பூமுடி வைத்தவர்கள், நிலம் கூட்டும் அங்கி போட்டவர்கள். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பனர். இது பேகன் மக்களின் விழா, எல்லோரும் வரலாம், அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தது. மரங்களையும் பருவகாலங்களையும் பழைய தெய்வங்களையும் கும்பிடுகிற வெள்ளைக்காரர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், ஒரு மனிதர் தலையில் மான்கொம்பு மாட்டிக்கொண்டு என்னை நோக்கி நடந்து வந்தார் என்பதுதான். நான் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் அதை ஒரு வகை வணக்கம் என்று நினைத்து, தானும் கையை உயர்த்தி வணக்கம் சொன்னார். மற்றக் கையில் பாணுக்குள் வைத்த சொசேஜ். வெங்காயம் ஒழுகிக்கொண்டிருந்தது.

என் கொக்கைத்தடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நைஸ் ஸ்டாஃப், மேட்" என்றார்.

எனக்குத் தெரிந்த 'ஸ்டாஃப்' வேலை செய்கிற ஆட்கள்தான். என்னை விழாவுக்கு வந்த வேலைக்காரன் என்று நினைத்துவிட்டார் போலும். "நோ, நோ. நான் ஸ்டாஃப் இல்லை, சும்மா வந்தனான்" என்று ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவர் தலையைச் சொறியப் போய், கொம்பைச் சொறிந்துவிட்டுப் போனார். அங்கே பலர் கையில் செதுக்கிய கோல் வைத்திருந்ததையும், என் திரைச்சீலைக் கம்பை அவர் அப்படியொரு மந்திரக்கோல் என்று பாராட்டியதையும் நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்கப்பா நிக்கிறியள்? என்ன மேளச் சத்தம்?"

"ஒரு பார்க்கில நிக்கிறன். இஞ்ச திருவிழா நடக்குது."

"ஆற்ற திருவிழா?"

"அஞ்ஞானிகளின்ர."

"விளையாடாதேங்கோ."

"சத்தியமா. தாங்களே பனர் எழுதிக் கட்டியிருக்கினம்."

அவள் சிரித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். 'பேகன்' என்பதற்கு மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் படித்த பழைய சொல் அது. நம்முடைய வேதத்தில் இல்லாதவர்களை அப்படித்தான் சொல்வார்கள். ஞானம் இல்லாதவர்கள் என்று பொருள். ஊரில் ஒருவரை அப்படிச் சொன்னால் அடிக்க வருவார். இங்கே அதையே பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பக்கமும் பலூன் கட்டியிருந்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

மரத்தடிக்குப் போனேன். முதலில் ஒரு பூவைக் கிள்ளி வாயில் போட்டு மென்று பார்த்தேன். கசந்தது. அப்புறம் என்ன சந்தேகம்? தடியைப் போட்டு இழுத்து, தலையணை உறை பாதி நிறையும்வரை பறித்தேன். பக்கத்துக் கூடாரத்தில் சின்னச் சின்னத் தொட்டிகளில் மூலிகைகளை வைத்து வந்தவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். அறுபது வயது இருக்கும். பச்சைப் பாவாடை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி.

பூவை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். சாப்பிட என்றேன். இது வேம்பு, எங்கள் நாட்டு மரம் என்றும் சொன்னேன். அவர் இல்லை என்று மெதுவாகத் தலையாட்டினார். இது வேம்பு இல்லை, வைட் சிடார் என்ற மரம், வேம்பின் இனம்தான் ஆனால் நஞ்சு, தயவுசெய்து சாப்பிடாதீர்கள் என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேப்பங்குச்சியால் பல் விளக்கி, வேப்பமரத்து நிழலில் பள்ளிக்கூடப் பாடம் படித்து வளர்ந்தவனுக்கு வேம்பு எது என்று ஒரு வெள்ளைக்கார அம்மா சொல்லித்தருவதா? பூங்காவில் பறிக்கக்கூடாது என்பதை நேராகச் சொல்லாமல் சுற்றிவளைத்துப் பயமுறுத்துகிறார் என்றும் ஒரு எண்ணம். "தாங்க் யூ, மேடம். ஐ நோ நீம்" என்று சொல்லிவிட்டுத் தடியையும் உறையையும் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் பின்னால் ஏதோ சொன்னார். நான் திரும்பவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் பின்கதவைத் திறந்து எல்லாவற்றையும் போட்டுவிட்டு நிமிர்ந்தால், புல்வெளியில் அந்த அம்மா ஓடி வருகிறார். பாவாடையை இரண்டு கையாலும் முழங்கால்வரை தூக்கிப் பிடித்தபடி, வெறுங்காலோடு. அவருக்குப் பின்னால் கொம்புக்காரர். கொம்பு ஒரு பக்கம் சரிந்து தொங்குகிறது. நான் ஒரே பாய்ச்சலில் உள்ளே ஏறிக் கதவுகளைப் பூட்டினேன். செய்வினை, சூனியம் என்று சின்ன வயதில் கேட்ட கதையெல்லாம் ஒரு நொடியில் வந்து நின்றது. சாவியைத் திருப்பினேன். என் பழைய கார் இருமியது, ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்குள் அம்மா காருக்கு முன்னால் வந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

கண்ணாடியை ஒரு விரலளவு இறக்கினேன். மூச்சு வாங்க வாங்க அவர் கேட்டது ஒரே கேள்விதான். இதை யார் சாப்பிடப் போகிறார்கள்?

என் மனைவி, கர்ப்பமாக இருக்கிறாள் என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. ஆனால் வாதாடவில்லை. என் காரின் முன்கண்ணாடியில் தொங்கிய செபமாலையைப் பார்த்தார். பிறகு தன் பாவாடைப் பையிலிருந்து காய்ந்த மஞ்சள் காய்கள் நாலைந்தை எடுத்தார். அந்த மரத்தடியில் விழுந்து கிடந்த போன வருடத்துக் காய்கள். ஒன்றைக் கல்லில் தேய்த்து, உள்ளே இருந்த கொட்டையைத் துடைத்து, கண்ணாடி இடுக்கு வழியாக என் கையில் போட்டார். ஐந்து வரி வைத்துச் செதுக்கியதுபோல் ஒரு கொட்டை. நடுவிலே, யாரோ ஊசியால் குத்தியதுபோல் நேரான துளை. உங்கள் சபைத் துறவிகள் ஒரு காலத்தில் இதைக் கோத்துத்தான் செபமாலை செய்தார்கள், வேப்பங்கொட்டையில் துளை உண்டா, உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே என்றார்.

வேப்பங்கொட்டை எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆயிரம் கொட்டையாவது உடைத்திருப்பேன். வழவழவென்று இருக்கும். வரியும் இல்லை, துளையும் இல்லை.

காரைவிட்டு இறங்கி, தலையணை உறையை அப்படியே அவரிடம் கொடுத்தேன். நானும் ஒரு பூ மென்றேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். உடனே என் வாயைக் கொப்பளிக்க வைத்து, நஞ்சு பற்றி ஆலோசனை சொல்லும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தார். காய்தான் கடும் நஞ்சு, ஒரு பூவை மென்றதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் இரண்டு மூன்று மணி நேரம் தனியாக விடாதீர்கள், கார் ஓட்டவும் விடாதீர்கள் என்றார்களாம். கொம்புக்காரர் என் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொம்பைக் கழற்றியதும் வெயிலில் சிவந்த வழுக்கைத் தலையும் சங்கோசச் சிரிப்புமாக ஒரு சாதாரண மனிதர்.

மூலிகைக் கூடாரத்தில் ஒரு கதிரையில் என்னை உட்கார வைத்தார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அம்மா என் கண்ணைப் பார்த்துவிட்டுப் போவார். ஐரோப்பாவில் இந்த வசந்த விழா மே மாதத்தில் வருமாம். இந்தப் பக்கத்து வசந்தம் நவம்பரில் என்பதால் இவர்கள் நாட்காட்டியையே திருப்பிப் போட்டிருந்தார்கள். நாங்களோ டிசம்பர் வெயிலில் வியர்த்து வியர்த்துக் கிறிஸ்மஸ் மரத்தில் பஞ்சுப் பனி ஒட்டுகிறோம். அதை அவரிடம் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு, மனைவி என்னதான் சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஒன்றும் தங்குவதில்லை, நேற்றிலிருந்து தண்ணீர்கூட இல்லை என்று நான் சாதாரணமாகச் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என் தொலைபேசியைக் கேட்டார். தானும் மூன்று பிள்ளை பெற்றவள், மூன்று முறையும் வாந்தியில் கிடந்தவள் என்று மனைவியிடம் சொன்னார். கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, என்ன நிறம், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் இத்தனை கிழமையாக என்ன வேண்டும், என்ன வேண்டும் என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். எனக்குச் சொல்லாததையெல்லாம் அவள் முகம் தெரியாத அந்த அம்மாவுக்குச் சொன்னாள். நேற்று இரவுக்குப் பிறகு சிறுநீரே போகவில்லையாம். காலையில் குளியலறையில் விழப் பார்த்தாளாம்.

அம்மா தொலைபேசியை என்னிடம் தந்து, இப்போதே ஆஸ்பத்திரி, நாளைக்கு அல்ல என்றார்.

நல்ல வேளை, பக்கத்து வீட்டில் ஒரு மலேசியத் தமிழ் அன்ரி இருந்தார். அழைத்துச் சொன்னதும் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்தார். "பயப்பிடாதையும், நான் வாறன்" என்றேன் மனைவியிடம்.

"நீங்கள் கவனம். அந்த அஞ்ஞானிகள் உங்களை ஒண்டும் செய்யேல்லையே?" என்றாள்.

"இஞ்ச ஒரேயொரு அஞ்ஞானிதான். அது நான்தானப்பா" என்றேன்.

இந்த முறை இருமாமல் கிளம்பிய என் காரைக் கொம்புக்காரர் ஓட்டினார். அம்மா அவரைத் திரும்பக் கூட்டிப்போவதற்காகத் தன் காரில் பின்னால் வந்தார். முன்னால் செபமாலை ஆடுகிறது, பின்சீட்டில் மான்கொம்பு. வழியெல்லாம் நான் மாதாவை மன்றாடினேன். எனக்கு இடைஞ்சல் கூடாதென்று அவர் வானொலியை நிறுத்திவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில், நெற்றியில் பச்சை இலை வரைந்திருந்த அவரைப் பார்த்து அன்ரி ஒரு அடி பின்வாங்கியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மனைவிக்குச் சேலைன் ஏற்றியிருந்தார்கள். உதடெல்லாம் வெடித்துப்போய்க் கிடந்தாள். உடம்பில் தண்ணீரே இல்லை, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டர். வேப்பம்பூ கதையையும் சொன்னேன். நல்ல வேப்பம்பூவாக இருந்திருந்தாலும் கர்ப்பகாலத்தில் கேட்காமல் கொடுத்திருக்கக்கூடாது என்று எனக்குத் தனியாக ஒரு திட்டு. பிறகு ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்தார். டுக் டுக் டுக் என்று குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். வெளியே வந்து பார்த்தபோது அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். விழாவை இடையில் விட்டுவிட்டல்லவா வந்திருந்தார்கள்.

மே மாதம் மகள் பிறந்தாள். அடுத்த வசந்தத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு மூவருமாக அந்த விழாவுக்குப் போனோம். அம்மாவுக்கு என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. மனைவி முன்னால் போய்ப் பிள்ளையை அவர் கையில் கொடுத்து, "இவதான் அண்டைக்கு வயித்துக்குள்ள இருந்தவ" என்று தமிழிலேயே சொன்னாள். அவருக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. பிள்ளையின் உச்சியில் முகத்தை வைத்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

இப்போது மகளுக்கு மூன்று வயது. நான் அடிக்கடி நினைப்பது அந்த அம்மாவின் தாவர அறிவைப் பற்றி அல்ல. மரத்தடியில் அவர் என்னை எச்சரித்தார், நான் திமிராகப் பதில் சொல்லிவிட்டுப் போனேன். அத்தோடு அவர் பொறுப்பு முடிந்துவிட்டது. அவர் திரும்பிப் போய்த் தன் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தால் உலகத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். குடித்துவிட்டு வேலைக்கு வந்த நண்பனிடம், கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தம்பியிடம், இன்னும் எத்தனையோ பேரிடம் ஒரு தரம் சொல்லிவிட்டு, "நான் சொல்லிப்போட்டன், இனி அவன்ர பாடு" என்று கையைக் கழுவியவன் நான். இன்றைக்கும் அந்த வார்த்தை வாய்வரை வரும். அப்போது மகள் பக்கத்தில் எங்காவது விளையாடிக்கொண்டிருப்பாள். அவளைப் பார்த்த பிறகு, என் சொல்லைக் கேட்காமல் போனவரின் பின்னால், எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போவதைத் தவிர எனக்கு வேறு வழி இருப்பதில்லை.